ஆவன செய்வாரும் அறுந்துபோகும் இணைப்பும்

ஆவன செய்வார் தம் வீட்டு இன்டர்நெட் கம்பெனியை மாற்றுவதா வேண்டாமா என்று யோசிக்க ஆரம்பித்த பிறகு, எங்கோ இரண்டு நாடுகள் சண்டை போட்டு, சமாதானமாகி, அந்தச் சமாதானம் சரியில்லை என்று மறுபடி சண்டை போட்டு, மறுபடி கைகுலுக்கிப் படமும் எடுத்துக்கொண்டுவிட்டன. அற்ப விஷயங்களில் அவசர முடிவு எடுப்பது அரசாங்கங்களின் பழக்கம். ஆவன செய்வார் அப்படிப்பட்டவர் அல்ல. முடிவெடுப்பதற்கு முன் யோசிப்பார். யோசிப்பதற்கு முன், யோசிக்கத்தான் வேண்டுமா என்று யோசிப்பார். இந்த நிதானத்தால் வாழ்நாளில் ஒரு தவறான முடிவுகூட எடுக்காதவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. சரியான முடிவு ஏதாவது எடுத்திருக்கிறாரா என்று யாரும் கேட்டதில்லை.

ஆவன செய்வார் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. அவர் குடிநீர் வாரியத்தில் குறைதீர்ப்பு அதிகாரி. எந்த மனு வந்தாலும் அதன் ஓரத்தில் அழகான கையெழுத்தில் 'ஆவன செய்யப்படும்' என்று எழுதுவார். சக ஊழியர்கள் அவரை அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். கேலி என்று அவருக்குத் தோன்றவில்லை. பட்டம் என்று எடுத்துக்கொண்டார்.

அவருடைய திறமையை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும். ஒருவர் கையில் பழுப்புத் தண்ணீர் பாட்டிலோடும் கண்ணில் நெருப்போடும் உள்ளே வருவார். ஆவன செய்வார் எழுந்து நின்று வரவேற்பார். நாற்காலியைத் தாமே இழுத்துப் போடுவார். வந்தவர் கத்தக் கத்த, தலையைச் சரியான இடங்களில் ஆட்டுவார். கடைசியில், "உங்க இடத்துல நான் இருந்தா இதைவிட அதிகமா கோபப்படுவேன்" என்பார். அந்த வாக்கியத்தைக் கேட்டபின் கோபத்தைத் தொடர்ந்தவர் எவரும் இல்லை. தன்னைவிடக் கோபக்காரர் ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, வந்தவருக்கே சற்றுக் கூச்சமாகிவிடும். கைகூப்பிவிட்டு, சில சமயம் பாட்டிலைக்கூட மறந்துவிட்டுப் போவார். அந்தப் பாட்டில்கள் ஜன்னல் ஓரம் வரிசையாக நிற்கும். புதிதாக வருகிறவர்கள், அலுவலகத்தில் இவ்வளவு டீ எதற்கு என்று வியப்பார்கள்.

அப்படிப்பட்டவர் வீட்டில் ஒரு குறை இருந்தது.

அவருடைய மனைவி பேச்சுப் பயிற்சியாளர். திக்கிப் பேசுகிறவர்களுக்குத் தடங்கலின்றிப் பேசக் கற்றுத் தருகிறவர். முன்பு ஓர் அறை வாடகைக்கு எடுத்து நடத்தினார். இப்போது மாணவர்கள் நாலா ஊர்களில் இருப்பதால், வீட்டின் பின்னறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து திரை வழியாகச் சொல்லித் தருகிறார். ஆனால் அந்த வீட்டு இன்டர்நெட்டுக்கே கடுமையான திக்குவாய் இருந்தது. மனைவி "மூச்சை மெதுவா இழுங்க" என்று சொன்னால், எதிர்முனையில் "மூ... மூ... மூ..." என்று போய்ச் சேரும். அப்புறம் திரையில் வாய் திறந்தபடி அவர் உறைந்து நிற்பார்.

மாணவர்களில் ஒருவர் வங்கிக் காசாளர். பதவி உயர்வுக்கான நேர்காணல் வருகிறது, அதற்குள் தங்குதடையின்றிப் பேச வேண்டும் என்று சேர்ந்தவர். நல்ல மனிதர். ஒருநாள் வகுப்பு நடுவில் பயிற்சியாளர் "ப... ப... ப..." என்று மாட்டிக்கொண்டபோது, காசாளர் மிகுந்த பரிவோடு திரையருகே குனிந்தார்.

"ப-பதட்டப்படாதீங்க மேடம்," என்றார். "அவசரமே இல்ல. ஒரு மூச்சு விட்டுட்டு, தோளைத் தளர்த்திட்டு, மெதுவா சொல்லுங்க. நான் இருக்கேன்."

சொல்லித் தந்த பாடம் அப்படியே திரும்பி வந்ததில் மனைவிக்குப் பெருமைப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. வகுப்பு முடிந்ததும் முன்னறைக்கு வந்தார். ஆவன செய்வார் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இந்தக் கம்பெனி வேண்டாம். வேற கம்பெனிக்கு மாறிடலாம்."

"மாறலாம்," என்றார் ஆவன செய்வார்.

மனைவி ஒரு நொடி நம்பிவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த அம்மாளுக்கு அவ்வளவு நல்ல மனசு.

"ஆனா அவங்க தரப்பு நியாயத்தையும் கேக்கணுமில்ல?" என்று சொல்லி அவர் போனை எடுத்தார்.

கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையில் ஒரு பெண் பேசினாள். இனி அவளை இனிய குரல் என்றே அழைப்போம். தேன் என்று சொன்னால் தேனுக்குக் கொஞ்சம் அதிகப்படியான புகழ்ச்சி. ஆவன செய்வார் குறையைச் சொன்னார். இனிய குரல் குறுக்கிடவில்லை. சரியான இடங்களில் "ம்" கொட்டினாள். அவர் முடித்ததும் ஒரு மெல்லிய பெருமூச்சு வந்தது.

"கேக்கவே கஷ்டமா இருக்கு சார். உங்க இடத்துல நான் இருந்தா இதைவிட அதிகமா கோபப்படுவேன்."

ஆவன செய்வாருக்கு உடம்பு சிலிர்த்தது. தாம் இத்தனை காலம் தனியாக வளர்த்த ஒரு கலையை, எங்கோ முகம் தெரியாத ஒரு பெண்ணும் அதே சொற்களில் வளர்த்திருக்கிறாள். மேதைகள் ஒரே மாதிரிதான் யோசிப்பார்கள் போலும்.

"நீங்க இவ்வளவு பொறுமையா எடுத்துச் சொன்னதே எங்களுக்குப் பெரிய உதவி சார்," என்றாள் இனிய குரல். "உங்களை மாதிரி பொறுப்பான வாடிக்கையாளர்கள் இருக்கிறதாலதான் நாங்க தலை நிமிர்ந்து நிக்கிறோம்."

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லம்மா," என்றார் ஆவன செய்வார். வெட்கத்தில் காது சிவந்துவிட்டது.

"வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

இந்தக் கேள்வியின் அழகை ஓர் அதிகாரியால்தான் ரசிக்க முடியும். முதல் உதவியே நடக்காதபோது 'வேற' என்ற ஒரு சொல்லைப் போட்டு, அது நடந்துவிட்ட மாதிரி ஆக்கிவிட்டாள். ஆவன செய்வார் நன்றி சொல்லிப் போனை வைத்தார். கண் லேசாகக் கலங்கியிருந்தது.

"என்ன சொன்னாங்க?" என்றார் மனைவி.

"ரொம்ப வருத்தப்பட்டாங்க."

"சரி பண்றாங்களாமா?"

"அதைப் பத்திப் பேச்சு வரல."

அதற்குப் பிறகு அவர் அடிக்கடி போன் செய்ய ஆரம்பித்தார். இணைப்பு அறுந்தால் மனைவி முகம் வாடும். ஆவன செய்வார் முகத்தில் ஓர் எதிர்பார்ப்பு வரும். கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார். தினம் தினம் புதிதாக ஏதாவது கிடைக்கும். 'பிரச்சினை' என்ற சொல்லையே இனிய குரல் பயன்படுத்துவதில்லை, 'அனுபவம்' என்கிறாள் என்று கவனித்தார். மறுநாளே அலுவலகத்தில், குழாயில் புழு வந்ததாகச் சொன்ன ஒரு தையல்காரரிடம், "இந்த அனுபவம் உங்களுக்கு எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டுப் பார்த்தார். தையல்காரர் திகைத்துப்போய், "கொஞ்ச நாளாத்தாங்க," என்று அடக்கமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி சும்மா இருக்கவில்லை. எதிர்வீட்டில் போட்டிருக்கும் புதிய கம்பெனியின் விற்பனையாளரை வீட்டுக்கு வரவழைத்தார். வந்தவர் சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் வைத்திருந்தார். விற்பனைக்கு வருகிறவரிடம் ஸ்க்ரூடிரைவர் எதற்கு என்று அப்போதே ஆவன செய்வாருக்கு ஒரு நெருடல்.

"உக்காருங்க," என்றார். "உங்க கம்பெனியைப் பத்திச் சொல்லுங்க."

"நல்ல ஸ்பீடு வரும் சார்."

"அது இருக்கட்டும். அறுந்துபோனா?"

"போன் பண்ணுங்க. வந்து சரி பண்ணிடுவோம்."

ஆவன செய்வார் காத்திருந்தார். விற்பனையாளர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

"அவ்வளவுதானா?"

"வேற என்ன சார்?"

"போன் எடுத்ததும் என்ன சொல்வீங்க?"

"அட்ரஸ் கேப்போம்."

"வருத்தம் தெரிவிக்க மாட்டீங்களா?"

விற்பனையாளர் யோசித்தார். "எதுக்கு சார்? அதான் சரியாயிடுமே."

ஆவன செய்வாருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒரு மரியாதை இல்லை, ஆறுதல் இல்லை, வாடிக்கையாளரின் பொறுமைக்கு ஒரு நன்றி இல்லை. மெக்கானிக் மாதிரி வருவார்களாம், திருகுவார்களாம், போய்விடுவார்களாம். மனித உறவு என்று ஒன்று வேண்டாமா? யோசித்துச் சொல்வதாகக் கூறி அவரை அனுப்பிவைத்தார். அவர் படியிறங்கும்போது, "நல்ல பையன்தான், ஆனா பண்பாடு போதாது," என்றார் மனைவியிடம்.

மனைவி பின்னறைக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் காசாளர் வகுப்பிலிருந்து விலகிக்கொண்டார். நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை போலிருக்கிறது. குரல் செய்தியாக அனுப்பியிருந்தார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா எனக்கு நேர்காணல் வருது. தெ-தெளிவா பேசுறவங்ககிட்ட கத்துக்கலாம்னு வேற இடத்துல சேர்ந்துட்டேன். நீங்களும் விட்டுடாதீங்க. தினமும் பயிற்சி செஞ்சா உங்களுக்கும் கட்டாயம் சரியாகும்."

மனைவி அதைக் கணவர் முன்னால் போட்டுக் காட்டினார். போட்டுவிட்டு அழவில்லை, கத்தவில்லை. முந்தானையால் கம்ப்யூட்டர் திரையைத் துடைத்தார், ஏற்கெனவே சுத்தமாக இருந்த திரையை.

"உனக்கு எப்படி இருக்கும்னு எனக்குப் புரியுது," என்று ஆரம்பித்தார் ஆவன செய்வார். "உன் இடத்துல நான்..."

"வேண்டாங்க," என்றார் மனைவி. "எங்கிட்ட அது வேண்டாம். நாளைக்கு அந்த ஆபீசுக்குப் போய் இணைப்பை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வாங்க. அவ்வளவுதான்."

அந்தத் தொனியில் மனைவி பேசி அவர் கேட்டதில்லை. மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கம்பெனி அலுவலகத்துக்குப் போனார்.

கண்ணாடியும் செடிகளுமாகக் குளுகுளுவென்றிருந்த இடம். வரவேற்பில் உட்காரச் சொன்னார்கள். பக்கத்துக் கண்ணாடி அறையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கதவு பாதி திறந்திருந்தது. பயிற்சி மேலாளர் ஒருவர், நடு வயசுக்காரர், ஒலிபெருக்கியில் ஓர் ஒலிப்பதிவைப் போட்டு நிறுத்தி நிறுத்தி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இந்த இடத்தைக் கவனிங்க. எதிர்ல இருக்கிறவர் கத்துறார். இவர் என்ன செய்யறார்? ஒண்ணும் செய்யல. அந்த மௌனத்தைக் கேளுங்க. இப்ப வரும் பாருங்க."

ஒலிபெருக்கி கனிவாகப் பேசியது. "உங்க இடத்துல நான் இருந்தா இதைவிட அதிகமா கோபப்படுவேன்."

எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று ஆவன செய்வார் யோசித்தார். குரல் தொண்டையைக் கனைத்துக்கொண்டது. குளிர் நாளில் அவர் கனைப்பது அப்படித்தான். பின்னணியில் அவருடைய அலுவலக மின்விசிறி கடகடவென்று சுற்றியது. தம் குரலைத் தாமே வெளியிலிருந்து கேட்பது யாருக்கும் சட்டென்று புரிவதில்லை. அவர் எழுந்து கதவருகே போனபோதுதான் நிச்சயமாயிற்று.

பயிற்சி மேலாளர் திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த ரிமோட் கீழே விழுந்தது.

"எழுந்திரிங்க எல்லாரும்," என்றார் வகுப்பைப் பார்த்து. "சார் வந்திருக்கார்."

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மேலாளருக்கு உதவியாக ஓரமாக நின்றிருந்த ஒருத்தி, "வணக்கம் சார், உங்க போனை நான்தான் தினம் எடுப்பேன்," என்றாள். இனிய குரல். நேரிலும் இனிமையாகத்தான் இருந்தாள்.

ஆவன செய்வாருக்குக் கால் தரையில் படவில்லை. மேலாளர் அவரை அறைக்குள் அழைத்துப் போய்க் காப்பி கொடுத்தார்.

"நூலகத்துக்குப் பின்தெருதான் சார் என் வீடு. குழாயில தண்ணி வரலன்னு உங்ககிட்ட எத்தனையோ தடவை வந்திருக்கேன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது, தினம் எவ்வளவு பேர். ஒவ்வொரு தடவையும் சண்டை போடணும்னுதான் வருவேன். திரும்பிப் போகும்போது மனசு அவ்வளவு லேசா இருக்கும். வீட்டுக்குப் போய்க் குழாயைத் திறக்கும்போதுதான், அட, தண்ணி கேக்கத்தானே போனோம்னு ஞாபகம் வரும்."

"அப்புறம்?"

"இதுல ஏதோ ஒரு வித்தை இருக்குன்னு புரிஞ்சுது. போன்ல பதிவு பண்ண ஆரம்பிச்சேன். அதை வெச்சுத்தான் எங்க பயிற்சியே. இங்க யாரும் இணைப்பை விட்டுப் போறதே கிடையாது சார். எல்லாம் நீங்க போட்ட பிச்சை."

ஆவன செய்வார் காப்பியை ஒரு வாய் குடித்தார். ஏதாவது கேட்க வேண்டும் போலிருந்தது.

"இப்ப தண்ணி வருதா?"

"இல்ல சார். லாரித் தண்ணிதான். எங்கம்மாவுக்கு முட்டி வலி. குடத்தைத் தூக்கிட்டு மாடி ஏற முடியல. நான்தான் ஆபீஸ் வர்றதுக்கு முன்னாடி நிரப்பி வெச்சுட்டு வரேன்."

"என் மேல கோபம் இல்லையா?"

மேலாளர் சிரித்தார். "முயற்சி பண்ணிப் பார்த்தேன் சார். வரல."

கம்பெனியின் பெயர் போட்ட ஒரு கோப்பையைப் பரிசாகக் கொடுத்து வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். அடுத்த மாதம் வந்து ஒரு சிறப்புரை ஆற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆவன செய்வார் சம்மதித்தார். மனசு லேசாக இருந்தது. பாதி வழி வந்தபிறகுதான், இணைப்பை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கத்தானே போனோம் என்று நினைவு வந்தது. அந்த இடத்திலேயே நின்றுவிட்டார். மேலாளர் தம் வீட்டுக் குழாயடியில் நின்ற கதையைச் சிரித்துக்கொண்டே கேட்டவருக்கு, இப்போது நடுத்தெருவில் நிற்கும்போது சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் பின்னறையில் மனைவியின் குரல் கேட்டது. முழு வாக்கியங்களாக, முற்றுப்புள்ளி வரை கேட்டது. சுவரில் ஒரு புதிய பெட்டி பச்சையாக மின்னியது. வகுப்பு முடியும் வரை அவர் கூடத்தில் காத்திருந்தார்.

"அந்த ஸ்க்ரூடிரைவர் ஆள் வந்துட்டுப் போனார்," என்றார் மனைவி வெளியே வந்து. "நீங்க கிளம்பினதும் கூப்பிட்டேன். நீங்க எழுதிக் குடுக்காம வருவீங்கன்னு தெரியும்."

ஆவன செய்வார் கோப்பையை மேஜை மேல் வைத்தார். அங்கே நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். கைதட்டல் வந்த இடத்தைக் கொஞ்சம் சுருக்கினார். மனைவி முழுவதும் கேட்டார். கேட்பதுதான் அவர் தொழில்.

"எனக்குப் பிடிக்கல, நான் வேற கம்பெனியைக் கூப்பிட்டேன்," என்றார் கடைசியில். "அந்தத் தெருக்காரர் யாரைங்க கூப்பிடுவார்? ஊருக்கு ஒரே ஒரு தண்ணி வாரியம்தானே இருக்கு."

மாணவர் ஒருவர் காத்திருந்ததால் அவர் மறுபடி பின்னறைக்குப் போய்விட்டார். அன்று ஆவன செய்வார் செய்தித்தாளைப் பிரிக்கவில்லை.

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போனவர் தம் நாற்காலியில் உட்காராமல் மாடிப்படி இறங்கினார். குழாய்களைப் பழுதுபார்க்கும் பொறியாளர் பிரிவு கீழ்த்தளத்தில், ஜெனரேட்டருக்குப் பின்னால் இருந்தது. இத்தனை வருஷ சர்வீஸில் அவர் அங்கே போனதில்லை. காவலாளியிடம் வழி கேட்டுக்கொண்டு போனார்.

பொறியாளர் ஓர் உற்சாகமான மனிதர். மேஜை துடைத்த மாதிரி இருந்தது. ஒரு காகிதம் கிடையாது. ஒரு பெரிய பித்தளைக் கேடயம் மட்டும் நடுவில் நின்றது. எதிரே நிற்பவர் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. வெளியாள் என்று நினைத்து நாற்காலியைக் காட்டினார்.

"நூலகத்துக்குப் பின்தெருவுல ரொம்ப நாளா தண்ணி வரல," என்றார் ஆவன செய்வார். அப்படி ஒரு வாக்கியத்தை அவர் வாய் சொல்வது அதுவே முதல் தடவை. எதிரே இருப்பவர் கோபப்படுவாரோ என்று பயமாக இருந்தது.

"அந்தத் தெருவா?" பொறியாளர் நெற்றியைச் சொறிந்தார். "வால்வு ஏதாவது அடைச்சிருக்கும். ரெண்டு பேர் போனா ஒரு காலைப் பொழுது வேலை. ஆனா அப்படி இருக்காதே சார். புகாரே வரலையே."

"ஒருத்தர்கூடச் சொல்லலையா?"

"எங்க சார், இந்த ஊர் ஜனங்க அவ்வளவு திருப்தியா இருக்காங்க. பாருங்க," என்று கேடயத்தை அன்போடு திருப்பிக் காட்டினார். 'புகார் இல்லாப் பொறியாளர் பிரிவு' என்று பொறித்திருந்தது. "நாங்க என்ன செஞ்சோம்னு எங்களுக்கே தெரியல. கூப்பிட்டுக் குடுத்தாங்க."

"நான் இப்ப சொல்றேனே. ஆள் அனுப்புங்க."

"நேரா எங்கிட்ட சொன்னா எப்படி சார்? முறைன்னு ஒண்ணு இருக்கில்ல. மேல் மாடியில குறைதீர்ப்பு அதிகாரின்னு ஒருத்தர் இருக்கார். அவர்கிட்ட எழுதிக் குடுங்க. அங்கேர்ந்து ஒரு தாள் கீழ வந்தாப் போதும், அன்னிக்கே ஆள் போயிடும்."

ஆவன செய்வார் எழுந்திருக்கவில்லை. "அவர் எப்படி? நல்லவரா?" என்று கேட்டார்.

"நான் பார்த்ததில்ல சார். ஆனா பெரிய திறமைசாலின்னு சொல்லுவாங்க," என்றார் பொறியாளர். "இருக்கும். நான் இந்த நாற்காலிக்கு வந்த நாள்லேர்ந்து, அவரைப் பார்க்கப் போனவங்க ஒருத்தர்கூடத் தண்ணி வேணும்னு இங்க வந்ததில்ல."